நட்ட காலும் திருத்திய பாட்டும்: ஒரு விழாக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

நீங்கள் வெளியிட்ட விழா மலரில் 'அமைதி' கவிதைப் போட்டியின் முதல் பரிசு என்று ஒரு கவிதை அச்சாகியிருக்கிறது. அதன் கீழே இருப்பது என் அண்ணன் பேத்தியின் பெயர். முறைப்படி எனக்கும் பேத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரன் என்பதால் பேசுகிறான் என்று பிற்பாடு நீங்கள் துப்புத் துலக்க வேண்டியதில்லை. பெயர் சரியாக அச்சாகியிருக்கிறது, தலைப்பெழுத்து உட்பட. அதற்கு மேலே இருக்கும் பதினெட்டு வரிகளை அவள் எழுதவில்லை.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இந்த மடலில் எங்கும் எழுதப்போவதில்லை. ஊர் சிரிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும், அது போதும்.

நடந்தது இதுதான். முப்பது வரிக்குள் கவிதை வேண்டும் என்று கேட்டீர்கள். எந்த நடையில் என்று அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. அவள் இருபத்தாறு வரி எழுதினாள், எங்கள் ஊர்ப் பேச்சில். எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் இடையில் இருக்கிறது. நடுவர்கள் மூவரும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். மேடையில் வாசிக்க வரும்படி நீங்களே தொலைபேசியில் அழைத்தீர்கள். விழாவன்று நேரமில்லை என்று வாசிப்பை எடுத்துவிட்டீர்கள். அதே மேடையில் சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மலரைப் பிரித்தால் கவிதை வேறாக இருந்தது. காரணம் கேட்ட பெண்ணுக்கு இரண்டு வரியில் பதில் அனுப்பினீர்கள்: கொச்சை நடை செம்மைப்படுத்தப்பட்டது, படைவீரர்களின் தியாகத்தைக் கேலி செய்யும் வரிகள் நீக்கப்பட்டன.

அந்த இரண்டு வரிக்குத்தான் இந்த மடல்.

அன்று உங்கள் அரங்கத்தில் மூன்றாவது வரிசையின் ஓரத்து நாற்காலியில் ஒரு பெரியவர் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நடைவழியில் கால் நீண்டிருக்கிறது, மடக்கிக்கொள்ளுங்கள் என்று உங்கள் தொண்டர் பையன் ஒருவன் வந்து சொன்னான். "அது மடங்காது தம்பி, செஞ்சு குடுத்தவுக அப்பிடித்தான் செஞ்சு குடுத்தாக" என்றார் அவர். அவர்தான் என் அண்ணன். கவிதையில் வரும் தாத்தா.

அண்ணன் 1981இல் ராணுவத்தில் சேர்ந்தார். மானாவாரி நிலம், மூன்று பிள்ளைகள் உள்ள வீடு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் அது ஒரு வேலைவாய்ப்புச் செய்தி. 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இங்கிருந்து போன படைக்கு அமைதி காக்கும் படை என்று பெயர் வைத்தார்கள். அக்டோபருக்குள் அந்தப் படையே விடுதலைப் புலிகளோடு சண்டையில் இறங்கியிருந்தது. 1990 மார்ச்சில் கடைசி ஆள் கப்பலேறும் வரை இந்தியத் தரப்பில் ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். அங்கே செத்த ஊர்மக்களின் கணக்கு அதைவிடப் பெரிது. அண்ணனின் கால் 1988இல் ஒரு கண்ணிவெடியில் போனது. புனேயில் இருக்கும் ராணுவ மையத்தில் செயற்கைக் கால் பொருத்தி அனுப்பி வைத்தார்கள்.

ஊருக்கு வந்த அன்று எங்கள் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து அந்தப் புதுக் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒப்பாரிக்கு வாயெடுத்தாள். அண்ணன் முந்திக்கொண்டார்: "அழுகாத அப்பத்தா. யாழ்ப்பாணத்துல அரைக் குழி நெலம் வாங்கிக் கால நட்டுட்டு வந்திருக்கேன். மொளச்சாச் சொல்லியனுப்புவாக." அப்பத்தா எடுத்த ஒப்பாரியை விழுங்கிவிட்டுச் சிரித்தாள். சிரிக்க வைத்ததற்காக அவரை வைதாள். அப்புறம்தான் அழுதாள்.

அன்று தொடங்கி அந்தப் பேச்சு எங்கள் ஊரில் புழங்குகிறது. நல்ல மழை பெய்தால், "கால் மொளச்சிருக்குமா?" என்று யாராவது கேட்பார்கள். "ரெண்டு எலை விட்டிருக்காம், கடுதாசி வந்துச்சு" என்பார் அண்ணன். இதைக் கேட்டு வளர்ந்தவள்தான் உங்கள் போட்டிக்கு எழுதினாள்.

இப்போது அவள் எழுதியதில் நான்கு வரியைப் பாருங்கள்:

அம்புட்டுப் பேரும் வீரமுன்னாக,
ஆரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டாகளா?
கால நட்டுட்டு வந்தாரு தாத்தா,
மொளச்சாச் சொல்லியனுப்புவாக!

உங்கள் மலரில் இந்த இடம் இப்படி இருக்கிறது:

அனைவரும் வீரம் என்று முழங்கினர்,
எவர் இல்லத்து மைந்தன் என வினவினரா?
காலை இழந்து திரும்பினார் பாட்டனார்,
கண்ணீர் பெருகியது காண்!

'காலை இழந்து' என்று தனியாகப் படிக்கிறவன், பாட்டனார் ஏதோ ஒரு விடியற்பொழுதைத் தொலைத்துவிட்டாரோ என்று நினைக்கக்கூடும். அது இருக்கட்டும், அச்சகத்துக்காரனின் குசும்பு என்று தள்ளிவிடுங்கள். 'நட்டுட்டு' எங்கே போயிற்று? 'மொளச்சா' எங்கே போயிற்று? கூட்டம் முடிந்து பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் இந்தப் பக்கத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். கண்ணீர் பெருகியது காண் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் எங்கிட்டு அழுதேன்?" என்று கேட்டார். பஸ் வரும் வரைக்கும் வேறு எதுவும் பேசவில்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் மதுரை அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தியவன் நான். ஈய எழுத்தில் தொடங்கிக் கணினியில் முடித்தேன். எங்கள் தொழிலில் முதல் பாடமே மூலப்படியை விட்டு விலகாதே என்பதுதான். எழுத்துப் பிழை என்று தோன்றினால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவருக்கு அனுப்ப வேண்டும். நாமாகக் கை வைக்கக் கூடாது. 'மொளச்சா' என்பதை 'முளைத்தால்' என்று மாற்றியிருந்தால்கூட அதைத் திருத்தம் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டிருப்பேன். 'மொளச்சா'வை எடுத்துவிட்டுக் கண்ணீரை வைத்ததற்கு எங்கள் தொழிலில் பெயர் கிடையாது.

நானும் இந்தப் பாவத்தைச் செய்தவன்தான், ஆகவே அதன் ருசி தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கருமாதிக்கு நினைவு மலர் அச்சடிக்க வந்தார்கள். இறந்தவரின் மனைவி பாடிய ஒப்பாரியை மகன் நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். 'மச்சு வீடு கட்டி மல்லாந்து படுக்கலையே' என்று ஒரு வரி. இளமைத் திமிர் எனக்கு. 'மாடி இல்லம் அமைத்து மகிழ்ந்து உறங்கவில்லையே' என்று மாற்றிவிட்டேன். இப்படிப் பன்னிரண்டு வரி. மலரை வாங்க மகனோடு அந்த அம்மாளும் வந்திருந்தார். மகன் படிக்கப் படிக்கத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. இது யாரு வீட்டுச் சாவுக்குப் பாடுனது?" என்றார். அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை பேச்சு வழக்கில் வந்த எந்த மூலப்படியிலும் நான் சிவப்பு மை வைக்கவில்லை.

இன்னொரு மாற்றம் உங்கள் கண்ணுக்கே பட்டிருக்காது. கவிதை முழுக்க 'சொன்னாக', 'கேட்டாக', 'அனுப்புனாக' என்று வரும். நீங்கள் அவற்றை 'என்றனர்', 'வினவினர்' என்று ஆக்கினீர்கள். எங்கள் பக்கத்தில் 'ஆக' என்று முடித்தால் அது மரியாதை. பண்ணையாரை, அதிகாரியை, மாப்பிள்ளையை, மூத்தவரைப் பற்றிப் பேசும் பேச்சு. சண்டைக்குப் போகச் சொன்னவர்களுக்கு அந்த மரியாதையைக் கொடுத்துக் கொடுத்துத்தான் அவள் அடிக்கிறாள். தலை குனிந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஐயா சொன்னாக என்று சொல்லும் குரலில் கேலி ஒளிந்திருக்கிறது. 'என்றனர்' என்பதில் யாருக்கும் மரியாதை இல்லை, ஆகவே அவமரியாதையும் இல்லை. கத்தியை எடுத்துக்கொண்டு உறையை அச்சடித்திருக்கிறீர்கள்.

மொத்தமாகக் காணாமல் போன எட்டு வரிக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டைச் சோதனையிடப் போனபோது வாசலில் இருந்த கிழவி அண்ணனைப் பார்த்து, "ஏன் ராசா வந்தனீங்கள்?" என்று கேட்டாராம். எங்கள் ஊர்க் கிழவியாக இருந்தால் "ஏஞ்சாமி வந்தீக?" என்று கேட்டிருப்பாள். ஒரே கேள்வி, ஒரே மரியாதை, இடையில் ஒரு துப்பாக்கி. கவிதையில் கேள்வி யாழ்ப்பாணத் தமிழில் இருக்கிறது, பதில் மதுரைத் தமிழில் இருக்கிறது: "அனுப்புனாக, வந்தேன் ஆத்தா." இவ்வளவுதான் அந்த எட்டு வரியின் சாரம். இதில் எந்த வீரரின் தியாகம் கேலிக்குள்ளாகிறது?

நீங்கள் தமிழ் படித்தவர்கள். புறநானூற்றின் 45ஆம் பாட்டை வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். உறையூரை முற்றுகையிட்டு நின்ற சோழன் நலங்கிள்ளியிடமும், உள்ளே அடைத்துக்கொண்டு கிடந்த இன்னொரு சோழன் நெடுங்கிள்ளியிடமும் கோவூர் கிழார் சொன்னது என்ன? உன்னை எதிர்த்து நிற்பவன் பனம்பூ சூடிய சேரன் இல்லை, வேப்பம்பூ சூடிய பாண்டியனும் இல்லை. உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி. 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே.' இரண்டு பக்கமும் ஒரே பூ என்று புலவர் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு என்று இந்தப் பெண் காட்டுகிறாள். கோவூர் கிழாரின் பாட்டு பாடத்திட்டத்தில் இருக்கிறது. அவள் பாட்டு உங்கள் குப்பைக்கூடையில் கிடக்கிறது.

சரி, கொச்சை. செய்யுளுக்குரிய சொற்கள் எவை என்று தொல்காப்பியர் வரிசைப்படுத்தும்போது இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கையும் சேர்த்தே சொல்கிறார். வட்டாரத்துச் சொல்லை அவர் வாசலில் நிறுத்தவில்லை. செந்தமிழ் நிலம் எது என்று எல்லை வகுத்த பழைய உரையாசிரியர்கள் சிலர், வைகையாற்றுக்கு வடக்கு, மருதையாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் எங்கள் கல்லுப்பட்டி வெளியே நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் விழா அரங்கமும் வைகைக்குத் தெற்கேதான் இருக்கிறது என்பதை அன்புடன் நினைவூட்டுகிறேன்.

மதுரைப் பேச்சை நீங்கள் முழுவதுமாக ஒதுக்கினால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வராது. அதை எங்கே அனுமதிக்கிறோம் என்று பாருங்கள். திரையில் ஒருவன் அரிவாளை ஓங்கிக்கொண்டு வந்தால் அவன் எங்கள் பேச்சைத்தான் பேச வேண்டும். வெட்டுவேன், குத்துவேன் என்பதற்கு எங்கள் தமிழ் வாடகைக்குப் போகிறது; அரங்கம் கைதட்டுகிறது, விசிலடிக்கிறது. உங்கள் விழாவிலேயே கலைநிகழ்ச்சியில் இரண்டு மாணவர்கள் மீசையை முறுக்கி அந்தத் தமிழில் ஒருவரை ஒருவர் மிரட்டினார்கள். முதல் வரிசை சிரித்தது. அதே தமிழ் வெட்டாதே என்று சொல்ல வந்தால் மட்டும் கொச்சையாகிவிடுகிறதா?

போர் போன்ற கனமான பொருளுக்குக் கேலியும் ஊர்ப்பேச்சும் பொருந்தா என்று உங்களில் ஒருவர் அவளிடம் நேரில் சொன்னார். எங்கள் மண்ணைப் பொறுத்தவரை கதை நேர்மாறானது. திருமலை நாயக்கர் காலத்தின் கடைசியில் மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து கண்டவர் மூக்கையெல்லாம் அறுத்தது. இங்கிருந்து போன படை பதிலுக்கு அங்கே அறுத்தது. அந்தப் போருக்கு நின்ற பெயர் மூக்கறுப்புப் போர். எந்த அரசவைப் புலவன் இப்படிப் பெயர் வைப்பான்? 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பல் ஒன்று சென்னை மீது குண்டு போட்டது. பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அந்த எம்டன் கப்பலை எங்கள் ஊர்ப்பக்கம் என்ன செய்தார்கள்? பிடி கொடுக்காத கிழவனுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம், கப்பல் என்பதே மறந்துபோய்.

அண்ணன் விழாவுக்கு வந்த பஸ் திருமங்கலம் வழியாக வந்தது. அந்த ஊரில் வாழ்ந்தவர் நாடக நடிகர் விஸ்வநாததாஸ். வள்ளி திருமணத்தில் முருகன் வேடத்தில் நின்றுகொண்டு வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். எந்தக் கொக்கு என்பது பாமரனுக்கும் தெரியும், மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் போலீஸுக்கும் தெரியும். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவில் மேடையிலேயே உயிர் போனது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகத்தில், இந்த யுத்தத்துக்கு ஆளும் பணமும் கொடுப்பது தவறு என்று தெருவில் நின்று சொன்னதற்கே பிடித்து உள்ளே போட்டார்கள். போரைப் பற்றிப் பேச எந்த நடை பொருந்தும் என்று அன்றைக்கும் சிலர் யோசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால்தான் நம்புவோம் என்றால் அதுவும் இருக்கிறது. ஒரு பேராசிரியரின் ஒப்பிலக்கிய நூலுக்கு மெய்ப்புப் பார்த்தபோது தெரிந்துகொண்டது. எனக்கு ஆங்கிலம் அரைகுறை. அவரே அச்சகத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து வரிவரியாக விளக்கினார். 1846இல் அமெரிக்கா மெக்சிகோ மீது போர் தொடுத்தது. அடிமை வைத்திருக்கும் மாநிலங்களைப் பெருக்கத்தான் இந்தப் போர் என்று வடக்கே பலர் கொதித்தார்கள். ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெல் என்ற கவிஞருக்கு அப்போது வயது இருபத்தேழு. ஹார்வர்டில் படித்தவர், நயமான ஆங்கிலத்தில் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர். பாஸ்டன் பத்திரிகை ஒன்றுக்கு அவர் ஹோசியா பிக்லோ என்ற பட்டிக்காட்டு இளைஞன் எழுதியதாக ஒரு பாட்டை அனுப்பினார். எழுத்துக்கூட்டல் முழுக்க நாட்டுப்புற உச்சரிப்பில். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்த அதிகாரி, ஒற்றைக் குஞ்சு பொரித்த கோழி மாதிரி பெருமிதத்தோடு தெருவில் உலாத்துகிறான் என்று தொடங்குகிறது கதை. போரா, அதை நான் கொலை என்பேன் என்கிறான் பையன். வாளை உருவி ஒருவனைக் குத்தினால் அரசாங்கம் அதற்குப் பதில் சொல்லாது, கடவுள் பில்லை உனக்குத்தான் அனுப்புவார் என்கிறான்.

பேராசிரியர் அடுத்துச் சொன்ன இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதே தொகுப்பில் போருக்குப் போன ஊர்க்காரன் ஒருவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். நான் எங்கே இருக்கிறேன் என்று நீங்கள் யோசிப்பீர்கள், எனக்கே தெரியவில்லை, அதாவது முழு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை என்கிறான். புறப்படும்போது இரண்டு கால் இருந்தது, அதில் ஒன்று இப்போது எங்கேயோ கிடக்கிறது. எங்கள் அண்ணன் அந்தக் கவிஞரைப் படித்ததில்லை, பெயரைக்கூடக் கேட்டதில்லை. காலைப் பறிகொடுத்த இரண்டு நாட்டுப்புறத்தார் வாயிலிருந்து ஒரே கேலி வந்திருக்கிறது. நம்மிடமும் கால் போனவன் தன் கதையைத் தானே சொல்லும் நொண்டி நாடகம் என்று ஒரு வகையே இருக்கிறது. அந்த நொண்டிச் சிந்தில்தான் பாரதியும் பாடினார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லோவெல்லின் அந்தத் தொகுப்பில் ஒரு பாதிரியாரும் உண்டு. லத்தீன் மேற்கோள் இல்லாமல் அவருக்குப் பேச வராது. பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் முன்னுரை, குறிப்பு என்று எழுதிக் குவிப்பார். ஆனால் பாட்டு அதன் போக்கிலேயே நிற்கும். அந்த அளவுக்கு உங்களைக் கேட்டிருந்தால் நாங்கள் மறுத்திருக்க மாட்டோம். மேலே இரண்டு பக்கம் செந்தமிழில் முன்னுரை எழுதியிருக்கலாமே. (லோவெல் பிற்பாடு உள்நாட்டுப் போரின்போது வடக்குத் தரப்புக்காக அதே நாட்டுப்புறப் பேச்சில் எழுதினார். கவிஞர்கள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று சட்டமில்லை. நானும் அதை மறைக்கவில்லை.)

வட்டார வழக்கில் எழுதியதெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. மேடைகளில் பார்க்கிறோமே, நாலு ஊர்ச் சொல்லைத் தூவிவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்குவதை. அவையெல்லாம் கறிவேப்பிலை. உங்கள் நடுவர்கள் இந்தக் கவிதையைத் தேர்ந்தெடுத்தது அதற்காக இல்லை என்று நம்புகிறேன். தேர்ந்தெடுத்தவர்களிடமாவது மாற்றத்தைக் காட்டினீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

இரண்டாவது குற்றச்சாட்டு, தியாகத்தைக் கேலி செய்வது. இந்தக் கவிதை யாரைக் கேலி செய்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் படித்திருக்கலாம். 2025 மே மாதம் எல்லையில் நான்கு நாள் சண்டை நடந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் தொலைக்காட்சி ஓயாமல் ஓடியது. நகரங்கள் வீழ்ந்துவிட்டதாக இரவில் செய்தி வரும். விடிந்தால் அந்த நகரம் நின்ற இடத்திலேயே நிற்கும். பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒருவர் ராவல்பிண்டியைப் பிடித்துவிட்டார். இன்னொருவர் கையில் வடையோடு, விடக் கூடாது, ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்றார். அண்ணன் அந்தப் பெஞ்சின் மறுமுனையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் கருத்துக் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்தவர், "நட்டு வைக்க எடம் பாத்துட்டீகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தார். பேத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறந்த கவிதை இது. கேலி செய்யப்பட்டவர் வடை வைத்திருந்தவர்.

கேலியின் சொந்தக்காரர் படைவீரர்தான். அவர் காலைப் பற்றி அவர் சொன்ன பகடி. அதைப் பேத்தி எழுதினால் வீரரை இழிவுபடுத்துவதாகிறது. நீங்கள் அதை அழித்துவிட்டு அவர் கண்ணில் அவர் சிந்தாத கண்ணீரை வைத்தால் அது மரியாதையாகிறது. இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

எழுபதுகளில் மதுரைப் பல்கலைக்கழகம் நாட்டார் பாடல் ஆய்வாளர் நா. வானமாமலை அவர்களைக் கொண்டு கட்டபொம்மன் கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் பதிப்பித்தது. மக்கள் பாடிய பேச்சில், பாடிய கொச்சையோடு. 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு என்ற மருதநாயகத்தை எந்தக் காவியமும் தூக்கிப் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டு பிடித்தது. புது மண்டபத்துப் புத்தகக் கடைகளில் பெரிய எழுத்துக் கதைகளை வாங்கிப் படித்துத்தான் என் போன்றவர்கள் எழுத்துக்கூட்டவே பழகினோம். இந்த ஊரில், இந்த வழியில் வந்த நீங்கள், பத்தொன்பது வயதுப் பெண்ணின் இருபத்தாறு வரிக்குப் பயந்ததுதான் எனக்கு வருத்தம்.

நான் கேட்பவை இவை. மூலக் கவிதையின் இருபத்தாறு வரியையும் ஓர் எழுத்தும் மாறாமல் தனித்தாளில் அச்சிட்டு, மலர் பெற்ற எல்லோருக்கும் அனுப்புங்கள். முன்பு வெளியான வடிவம் ஆசிரியரின் ஒப்புதல் இல்லாமல் மாற்றப்பட்டது என்று அதே தாளில் ஒரு வரி இருக்க வேண்டும். வருத்தம் தெரிவிப்பது உங்கள் விருப்பம். உண்மையைத் தெரிவிப்பது விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை. அந்த எட்டு வரியை நீக்கச் சொன்னது யார், எந்தக் கூட்டத்தில் முடிவானது என்பதை அவளுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நடுவர்களிடம் இரண்டு வடிவத்தையும் கொடுத்து, எதற்குப் பரிசு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு அறிவிப்பில், பேச்சு வழக்கில் எழுதலாம் என்றோ கூடாது என்றோ முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லுங்கள். கூடாது என்றால் எங்கள் பிள்ளைகள் வேறு மேடை பார்த்துக்கொள்வார்கள். எப்படியானாலும் ஒருவரின் படைப்பில் கை வைக்கும் முன் மெய்ப்பை அவருக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவதை விதியாக்குங்கள்.

அவளுக்கு மறுத்த ஐந்து நிமிடத்தையும் திருப்பிக் கொடுங்கள். உங்கள் மாதாந்திரக் கூட்டம் ஒன்றில் போதும், பொன்னாடை வேண்டாம். அண்ணன் வருவார். அவருக்கு ஓரத்து நாற்காலி ஒன்றை ஒதுக்கி வையுங்கள், காலை மடக்கச் சொல்லாத பையன் ஒருவனையும் நிறுத்துங்கள்.

தனித்தாளுக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். கூலி வேண்டாம். மூலப்படி அவள் கையெழுத்தில் இந்த மடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது வரியில் 'கால' என்று இருப்பதில் எழுத்து எதுவும் விடுபடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
மதுரை.